வலது பக்கத்துச் சக்களத்தி

சலவைக்கூடத்தில் அவரைப் பாக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரோ வேறு ஆளைத் தேடுகிறார்கள் என்று நினைத்துத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு பெரிய மருத்துவமனையின் பின்பக்கம், பிணவறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கூடம். படுக்கை விரிப்பு, நோயாளி உடுப்பு, மருத்துவர்களின் வெள்ளைக் கோட்டு, அறுவை அறையின் பச்சைத் துணி எல்லாம் சக்கரக் கூடைகளில் வந்து மலையாகக் குவியும். அவற்றைப் பிரிக்கும் மேசைக்கு அக்காதான் பொறுப்பு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாக்கெட்டும் மடிப்பும் தட்டிப் பார்க்கப்படாமல் எந்தத் துணியும் இயந்திரத்துக்குள் போகாது. உள்ளங்கையால் அழுத்தினால் ஊசி ஏறிவிடும். அதனால் புறங்கையால் லேசாகத் தட்ட வேண்டும். கனம் தட்டுப்பட்டால்தான் விரலை உள்ளே விடுவது.

இந்த வழக்கத்தை நிர்வாகம் கொண்டுவரவில்லை. மடிப்புக்குள் கிடந்த ஊசி ஒன்று ஒரு பெண்ணின் விரலில் ஏறி, அவள் மஞ்சள் காமாலையில் மாதக்கணக்காகப் படுத்தாள். கையுறை தருகிறோம் என்றார்கள். தருகிறோம் என்பது இன்றுவரை எதிர்காலத்திலேயே நிற்கிறது. அதனால் தொழிலாளர்களே தங்கள் கையைக் காப்பாற்ற இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். மருத்துவர், தூய்மைப் பணியாளர், நோயாளி என்ற வித்தியாசம் இல்லை. யாருடைய துணியானாலும் தட்டு. பேனா, கத்தரிக்கோல், பாதி கடித்த பிஸ்கட் என்று என்னென்னவோ வரும். ஒருநாள் ஒரு பல்செட்டே வந்தது. உலர்த்தும் பிரிவில் வாயாடி என்று பெயரெடுத்த பெண் அதை மேசைமேல் வைத்து, "யாருடி அது, வேலை நேரத்துல சிரிக்கிறது?" என்று அதட்டியதை இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அக்காவுக்கு இந்தத் தட்டும் வேலை வருவதற்கு முன்பே, தட்டாமலே கனத்தைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்திருந்தது. அது கல்யாணம் கொடுத்த பழக்கம்.

அவருடைய கணவர் ஒரு பணக்காரரின் மெய்க்காவலர். இடுப்பின் வலது பக்கம், தொளதொளச் சட்டைக்கு அடியில் கைத்துப்பாக்கி. யாருக்கும் தெரியாது என்பது அவர் நினைப்பு. கூட வாழ்கிறவளுக்குத் தெரியாமல் எதை மறைக்க முடியும்? எந்த விசேஷமானாலும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடமாட்டார். கொளுத்தும் வெயிலிலும் மேலே ஒரு கோட்டு. நடக்கும்போது இடது கை அது பாட்டுக்கு வீசும். வலது முழங்கை மட்டும் விலாவை விட்டு அகலாது. கைப்பிடி வைத்த நாற்காலி ஆகாது. கீழே சாவி விழுந்தால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்துக் குந்தி எடுப்பார். உட்கார்ந்து எழுந்தால் உடனே வலது கை கீழே இறங்கிச் சட்டை நுனியை இழுத்துவிடும், சட்டை ஏறியிருந்தாலும் ஏறாவிட்டாலும். எங்கேயாவது கதவு படாரென்று சாத்தினால் மணிக்கட்டு இடுப்பை ஒருமுறை உரசிவிட்டு வரும். பெற்ற மகளை இடது இடுப்பில் தவிர வேறெங்கும் தூக்கியதில்லை.

"என்னைக் கட்டிப்பிடிச்சாலும் இடது பக்கத்தாலதான்" என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா சொல்வார். "வலது பக்கம் என் சக்களத்தி இருந்தாளே! அவளுக்கு எண்ணெய் போடுவாரு, துடைப்பாரு, தலைமாட்டுல படுக்க வைப்பாரு. எனக்குத் தலைவலின்னா ஒரு மாத்திரை வாங்கிட்டு வர நேரம் இருக்காது."

"விடுக்கா, உன்னைய அவளுக்கு வடிச்சுக் கொட்டச் சொல்லலையே!" என்பாள் வாயாடி.

சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சக்களத்தியை விட்டு அக்கா ஓடி வந்த கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. மகள் மேலே படிக்க வேண்டும் என்றாள். அப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டேன் என்றார். அக்கா மகள் பக்கம் நின்று வாதாடினார். கணவர் கத்தவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தார். சட்டையை மெதுவாக மேலே தூக்கினார், இறக்கினார், உட்கார்ந்தார். அவ்வளவுதான். மறுநாள் காலை அக்கா மகளோடு வெளியேறினார். சொந்தக்காரர்கள் விசாரணை வைத்தார்கள். அடிச்சாரா? இல்லை. கெட்ட வார்த்தை சொன்னாரா? இல்லை. "சட்டையைச் சரி பண்ணினதுக்கு எவளாவது வாழாவெட்டியா வருவாளா?" என்று கேட்டாள் சித்தி.

காயம் இருந்தால்தான் கொடுமை என்று எண்ணுகிற கூட்டம் அது. எலும்பு முறிந்தால் நியாயம் கேட்கும், குரல் முறிந்தால் "அப்புறம் என்ன?" என்று கேட்கும். அக்கா மகளைப் படிக்க வைத்தார். அவள் இப்போது வேறு ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள்.

சலவைக்கூடத்தை மருத்துவமனை ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தபோதுதான் வினை பிடித்தது. ஒப்பந்தக்காரர் மெல்லப் பேசும் மனிதர். கூடவே ஒரு மேனேஜரைக் கொண்டுவந்தார். வந்ததும் போட்ட முதல் உத்தரவு, உடம்பு முடியாதவர்களுக்கு இங்கே வேலை கிடையாது. நோயாளிகளை வைத்துப் பிழைக்கும் இடத்தில் நோய் வந்தால் வேலை போகும்! இதைவிட வெட்கம் கெட்ட ஒரு விதியை யோசிக்க வேண்டுமானால் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள். கையுறை கேட்டு, கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் அண்ணன் தலைமையில் மூன்று பேர் மாடி அறைக்குப் போனார்கள். கையுறை வேண்டாம் என்று ஒப்புக்கொண்டு இறங்கி வந்தார்கள். ஏன் என்று கேட்டால் அண்ணன் நீராவிக் குழாயைப் பார்த்தார். அன்று சாயங்காலமே ஒரு பேச்சு கிளம்பியது. ஒப்பந்தக்காரர் நமக்குள்ளேயே துப்பாக்கியோடு ஒரு ஆளை நுழைத்திருக்கிறார், சங்கத்தில் யார் வாய் திறக்கிறார்கள் என்று அவன் கவனிக்கிறான்.

யார் கிளப்பியது, எதை வைத்துக் கிளப்பியது என்று ஒருவரும் கேட்கவில்லை. பயந்தவர்கள் கேள்வி கேட்பதில்லை, தேடத்தான் செய்வார்கள். அக்காவும் தேடினார். அவர் கண்ணில் பட்டவர் இஸ்திரி மாமா.

மாமா பெரிய இஸ்திரி உருளையில் விரிப்புகளை விடுகிறவர். பழைய ஆள்தான், சாது. ஆனால் சமீபமாகத் தொளதொளச் சட்டை போட்டு வந்தார். வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. விரிப்பு கீழே விழுந்தால் முழங்காலை மடித்துக் குந்தி எடுத்தார். எழுந்தவுடன் கை இடுப்புக்குப் போனது. உடை மாற்றும் அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கூடை கவிழ்ந்து டமார் என்று சத்தம் வந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரையே அக்கா மறுபடி பார்த்தார்.

தேநீர் வேளை. எல்லாரும் இருந்தார்கள். அக்கா நேராகப் போய் அவர் முன்னால் நின்றார்.

"மாமா, சட்டையைத் தூக்குங்க."

"என்னம்மா இது, விளையாட்டா?"

"வலது பக்கம் என்ன வச்சிருக்கீங்க? எங்க பேச்சை யாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்குறீங்க?"

மாமாவின் முகம் வெளுத்தது. சுற்றிலும் பார்த்தார். பிறகு சட்டையைத் தூக்கினார். அடிவயிற்றைச் சுற்றி ஓர் அகலமான பட்டி, வலது பக்கத்தில் உருண்டைத் திண்டு. குடலிறக்கத்துக்குப் போடும் பட்டி. பாரம் தூக்கித் தூக்கி வந்த நோய், பாரம் தூக்க முடியாது என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்து வைத்த நோய்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வாசலில் நின்றிருந்தார். "ஓஹோ" என்றார். மறுநாள் காலை மாமாவைக் காவலாளி உள்ளே விடவில்லை.

அக்கா அன்றே மாமாவின் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. கதவைத் திறந்தது மாமாவின் மனைவி.

"வாம்மா வா. ஒருத்தரைத் தட்டிப் பார்த்தாச்சு. என்னையும் தட்டிப் பாரு, பீரங்கி ஏதாவது இருக்கும்!"

"திட்டுங்க அத்தை. கேட்டுட்டுத்தான் போவேன்."

"திட்டினா இவருக்கு வேலை திரும்பி வருமா? ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு ஒரு வாரம் லீவு கேட்க பயந்துகிட்டுத்தானே அந்தச் சனியனைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு?"

படுக்கையில் சாய்ந்திருந்த மாமா மனைவியைக் கையமர்த்தினார். "நீ பார்த்ததெல்லாம் சரிதாம்மா. குந்தி எடுத்தேன், கையை வச்சேன், திரும்பி நின்னேன். எல்லாம் உண்மை. அது என்னன்னு நீயா ஒரு பேரு வச்சியே, அங்கதான் தப்பு. என்கிட்ட தனியா வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும் மாமா."

"சரி, இப்ப என்ன பண்ணப் போற?"

"உங்க வேலையைத் திருப்பி வாங்கித் தரப் போறேன்."

"எப்படி?" என்று கேட்டாள் அத்தை, முகத்தைத் திருப்பாமல்.

எப்படி என்று அக்காவுக்கும் தெரியவில்லை. அதனால் பாய்லர் அண்ணனிடம் போனார். முதல் பேச்சுவார்த்தையில் தோற்றவரிடம்தான் எப்படித் தோற்றோம் என்ற தகவல் இருக்கும்.

"அண்ணே, மாடியில என்ன நடந்தது? மிரட்டினாங்களா?"

"இல்ல."

"காசு கொடுத்தாங்களா?"

"சீ! என்னைப் பத்தி அப்படியா நினைக்கிற?"

"அப்ப என்னதான் பண்ணினாரு அந்த மேனேஜர்?"

அண்ணன் வெகுநேரம் கையைத் துடைத்தார். "ஒண்ணுமே பண்ணலம்மா. அதைச் சொல்லத்தான் வெட்கமா இருக்கு. டீ வாங்கிக் கொடுத்தாரு. நாங்க கையுறைன்னு ஆரம்பிச்சதும் எழுந்தாரு. சட்டையை மெதுவா இழுத்து விட்டாரு. உட்கார்ந்தாரு. மறுபடியும் கையுறைன்னேன். மறுபடியும் எழுந்தாரு. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ஏன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? ஒருத்தர் சட்டையை இழுத்துவிட்டாருன்னு பயந்துட்டேன்னா?"

அக்கா பக்கத்தில் கிடந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். சித்தி கேட்ட கேள்வியைத்தான் இந்த மனிதர் தன்னைத்தானே கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்.

மறைத்து வைத்த துப்பாக்கி சட்டத்தின் கண்ணுக்குத்தான் மறைந்திருக்கிறது. எவனைப் பயமுறுத்த வேண்டுமோ அவனுக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். தெரியாவிட்டால் அது வெறும் இரும்பு. அதே சமயம் தெரிந்ததாக அவன் நிரூபிக்கவும் கூடாது. பாதி தெரிந்து பாதி தெரியாமல் இருப்பதில்தான் அதன் வேலையே நடக்கிறது. சுடாமலே, எடுக்காமலே, ஒரு சட்டை நுனியை இழுத்து மூன்று ஆட்களை ஊமையாக்கலாம்.

"மேனேஜர்கிட்ட இருக்குன்னு நேரா சொல்லிடலாம்க்கா" என்றாள் விஷயத்தைக் கேட்டறிந்த வாயாடி. "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிடலாம்."

"மாமாகிட்ட இருக்குன்னுதானே சொன்னேன்? என்ன ஆச்சு?"

"இவன் கெட்டவன்க்கா."

"கெட்டவனுக்கும் குடல் இறங்கும்டி. நான் இனிமே யார் இடுப்பைப் பார்த்தும் எதுவும் சொல்ல மாட்டேன். தட்டிப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்."

வாயாடி அக்காவை உற்றுப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். "மேனேஜரையா?"

"எல்லாரையும். என்னையும் சேர்த்து."

மாமாவின் வேலை பற்றிப் பேச வேண்டும் என்று சங்கம் கேட்டது. ஒப்பந்தக்காரர் முற்பகல் வரச் சொன்னார். அக்கா, வாயாடி, பாய்லர் அண்ணன், இஸ்திரி மாமா நான்கு பேரும் மாடி ஏறினார்கள். மாமாவைக் காவலாளி தடுத்தான். "அவரைப் பத்தித்தான் பேச்சு, அவரில்லாம எப்படி?" என்று வாயாடி போட்ட சத்தத்தில் வழி விட்டுவிட்டான். கீழே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் எல்லார் கண்ணும் மாடிப்படியில்.

அறை வாசலில் ஒப்பந்தக்காரரும் மேனேஜரும் நின்றிருந்தார்கள். "வாங்க, உள்ள வந்து உட்காருங்க" என்றார் ஒப்பந்தக்காரர்.

அக்கா வாசற்படியிலேயே நின்றார். "ஒரு நிமிஷங்க. எங்க கூடத்துல ஒரு வழக்கம் இருக்கு. தட்டிப் பார்க்காம எதுவும் உள்ள போகாது. இன்னைக்குப் பேச்சுக்கும் அதையே வச்சுக்கலாம்னு சங்கம் முடிவு பண்ணியிருக்கு. உள்ள வர்ற எல்லாரையும் தட்டிப் பார்க்கணும். பொம்பளைங்களை இவ பார்ப்பா, ஆம்பளைங்களை மாமா பார்ப்பாரு. முதல்ல என்னைப் பாருடி."

இரண்டு கையையும் தூக்கி நின்றார். வாயாடி புறங்கையால் தோள், விலா, இடுப்பு என்று தட்டினாள். "ஒண்ணுமில்ல. கொஞ்சம் சோறு குறைச்சா தேவலை" என்றாள். பிறகு அவளை அக்கா தட்டினார். மாமா பாய்லர் அண்ணனைத் தட்டினார். அண்ணன் மாமாவைத் தட்டினார். பட்டியில் கை பட்டதும் சட்டையை ஒதுக்கி எல்லாருக்கும் காட்டினார். "இது என்னன்னு ஊருக்கே தெரியும்" என்றார் மாமா.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன கூத்து இது? நாங்க என்ன திருடங்களா?"

"நாங்களும் திருடங்க இல்லையே. எங்களைத் தட்டினப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையே!"

"மரியாதை தெரியாதா உங்களுக்கு?"

"டாக்டருங்க கோட்டைத் தினமும் தட்டுறோம். இதுவரைக்கும் ஒரு கோட்டும் கோவிச்சுக்கிட்டதில்லைங்க" என்றாள் வாயாடி.

ஒப்பந்தக்காரர் சிரித்தார். சிரித்துக் கடந்துவிடலாம் என்று எண்ணியிருப்பார். கைகளைத் தூக்கி, "பாருங்கப்பா, பாருங்க, நேரமாகுது" என்றார். மாமா பார்த்தார். ஒரு சீப்பு இருந்தது. உள்ளே விட்டார்கள்.

மிச்சம் ஒரே ஒருவர். மாமா அவர் பக்கம் ஓர் அடி வைத்தார். மேனேஜர் பின்னால் போனார். போகும்போது வலது கை தானாக இடுப்புக்கு இறங்கியது. பாய்லர் அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் அவர் வாழ்க்கையில் செய்த கடினமான காரியம்.

"அதுக்கு லைசென்ஸ் இருக்கு!" என்று கத்தினார் மேனேஜர்.

"எதுக்குங்க?" என்று கேட்டார் அக்கா.

யாரும் எதையும் பற்றிச் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. மேனேஜர் வாயிலிருந்தே வந்துவிட்டது. கீழே யாரோ ஓர் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

"எதுக்கு லைசென்ஸ் வச்சிருக்கீங்கன்னு கேட்டேன்."

"என் பாதுகாப்புக்கு."

"யார்கிட்டயிருந்து? போன தடவை மூணு பேரு கையுறை கேட்டு வந்தாங்க. கையுறை கையைக் கடிக்குமா?"

பாய்லர் அண்ணன் முன்னால் வந்தார். அவர் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "போன தடவை நான் ரெண்டு தரம் பேசினேன். ரெண்டு தரமும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டீங்க. இன்னைக்கும் இழுத்து விடுங்க. எத்தனை தரம் வேணும்னாலும் இழுத்துக்குங்க. நான் பேசத்தான் போறேன்."

"போலீஸைக் கூப்பிடுவேன்" என்றார் மேனேஜர்.

"கூப்பிடுங்க. அவங்களும் மாமாகிட்ட கையைத் தூக்கிட்டு உள்ள வரட்டும்" என்றாள் வாயாடி.

ஒப்பந்தக்காரர் அறைக்குள்ளிருந்து, "அம்மா, பேச வந்தீங்களா, சண்டை போட வந்தீங்களா?" என்றார். குரலில் மென்மை குறைந்திருந்தது.

"பேசத்தான் வந்தோம். அவரு அதை வெளியில வச்சுட்டு உள்ள வரலாம். இல்ல, அதோட வெளியிலயே நிக்கலாம். ரெண்டும் வேணாம்னா, நீங்க கீழ வாங்க. கூடத்துல எல்லார் முன்னாடியும் பேசலாம். மிஷினை நிறுத்திட்டு எல்லாரும் கேட்பாங்க."

ஒப்பந்தக்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கழற்றிக் கொடுக்க மாட்டேன் என்றார். அப்படியானால் வெளியே நில்லும் என்றார் ஒப்பந்தக்காரர். கதவு சாத்தப்பட்டது. முதல்முறையாக அந்த அறையில் நான்கு பக்கமும் வெறும் மனிதர்கள் இருந்தார்கள்.

பேச்சு சுலபமாக இல்லை. உத்தரவு உத்தரவுதான் என்றார் ஒப்பந்தக்காரர். உங்கள் உத்தரவு வருவதற்கு முன்பே பாரம் தூக்கித்தான் இந்த நோய் வந்தது, ஆளைத் தேய்த்துவிட்டுத் தேய்ந்தவன் வேண்டாம் என்பது என்ன நியாயம் என்றார் அக்கா. இஸ்திரி உருளைக்கு வேறு ஆளைப் போட்டாகிவிட்டது என்றார் ஒப்பந்தக்காரர். மடிக்கும் மேசையில் பாரம் இல்லை, அங்கே இரண்டு ஆள் குறைகிறது என்றார் அண்ணன். அறுவை சிகிச்சைக்கு விடுப்பு வேண்டும் என்றார் மாமா. அதைக் கேட்கும்போது அவர் குரல் தாழவில்லை. நடுவில் ஒருமுறை ஒப்பந்தக்காரரின் கண் கதவுப் பக்கம் போனது. கதவு சாத்தியே இருந்தது.

கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார். "சரி. மடிக்கிற மேசை. ஆபரேஷனுக்கு லீவு. ஆனா ஒண்ணு. இந்த ஆளைத் தட்டிப் பார்க்குற கூத்து இனிமே இந்த மாடியில நடக்கக் கூடாது. எனக்கு அந்த உறுதி வேணும்."

"தர முடியாதுங்க" என்றார் அக்கா. "கையுறையைப் பத்திப் பேச அடுத்தாப்புல வருவோம். அப்பவும் தட்டுவோம்."

"பிடிவாதம் பிடிச்சா இவரு வேலையும் போகும்."

மாமா எழுந்தார். உடம்பை நிமிர்த்த வலித்தது தெரிந்தது. "என் வேலைக்காக அவங்க அந்த உறுதியைக் கொடுத்தா, நானே வேலைக்கு வரமாட்டேன். இப்படியே வீட்டுக்குப் போறேன். ஆனா கீழ இறங்கிப் போற வழியில, மாடியில என்ன கேட்டீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போவேன்."

கீழே இன்னொரு இயந்திரம் நின்றது. அதற்கடுத்து இன்னொன்று. உலர்த்தியின் உறுமல் அடங்கியபோது அறையில் மின்விசிறியின் சத்தம் கேட்டது. கூடத்தின் ஓசை நின்றால் மாடியில் எவ்வளவு அமைதி இருக்கும் என்று ஒப்பந்தக்காரருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

"போங்க" என்றார். "நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க இவரை."

கதவைத் திறந்தால் மேனேஜர் படிக்கட்டின் தலையில் நின்றிருந்தார். குறுகலான படி. அவர் நகரவில்லை. அவருடைய வலது பக்கத்தை உரசிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அக்கா அவர் முகத்தை மட்டும் பார்த்து, "வழி விடுங்க சார், வேலை கிடக்கு" என்றார். அவர் சுவரோடு ஒண்டினார். நால்வரும் ஒருவர்பின் ஒருவராக இறங்கினார்கள்.

கீழே கூடியிருந்தவர்கள் முகத்தில் கேள்வி. வாயாடி சொல்வதற்கு வாயைத் திறந்தாள். மாமா முந்திக்கொண்டார். "நாளைக்கு வரச் சொல்லியிருக்காரு."

"அப்ப வீட்டுக்குப் போங்க மாமா, அத்தைகிட்ட சொல்லுங்க" என்றார் அக்கா.

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்குப் பாதி நாள் பாக்கி இருக்கே?" என்றார். மடிக்கும் மேசைக்குப் போய், சூடு ஆறாத ஒரு விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, "எதிர்ப்பக்கம் யாராவது பிடிங்கப்பா" என்று குரல் கொடுத்தார்.